கேள்வித்தாளை அனுப்பும் முன் வேலையைப் பாருங்கள்

மனிதவள அதிகாரிகளுக்கும் டீம் லீடுகளுக்கும் ஒரு திறந்த மடல்



தரமணியிலிருந்து சிறுசேரி வரை நீளும் பழைய மகாபலிபுரம் சாலையிலும், கிண்டி, அம்பத்தூர், போரூர் வளாகங்களிலும், கோவையின் சரவணம்பட்டியிலும் மனிதவளத் துறையில் இருப்பவர்களே, டீம் லீடாகவும் டெலிவரி மேனேஜராகவும் பத்துப் பேரையோ நூறு பேரையோ நடத்திச் செல்பவர்களே, இந்த மடல் உங்களுக்குத்தான். உங்கள் ஊழியர்களில் சிலர் என்னைப் போன்ற உளவள ஆலோசகர்களிடம் வருகிறார்கள். அவர்கள் எங்களை நம்பிச் சொன்ன எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரையொருவர் அறியாத பலரும் ஒரேபோலச் சொல்லும் பொதுவான செய்திகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஊழியரின் மனநிலையைக் கண்காணிக்க நினைக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அந்த ஊழியருக்குத் தான் கொடுத்திருக்கும் வேலையை முதலில் கண்காணிக்க வேண்டும். வேலையைத் திருத்தும் எண்ணம் இல்லாமல் மனத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வி அக்கறையாகாது. அது ஊழியருக்கு இன்னொரு பயத்தைத்தான் கொடுக்கும்.

2024 டிசம்பரில் நொய்டாவின் யெஸ்மேடம் நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் சமூக ஊடகங்களில் பரவியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மன அழுத்தம் குறித்து நடத்திய கணக்கெடுப்பில் தங்களுக்கு அழுத்தம் அதிகம் என்று சொன்னவர்களை வேலையிலிருந்து விடுவிப்பதாக அதில் இருந்தது. கொதிப்பு அடங்குமுன் நிறுவனம் விளக்கம் கொடுத்தது: யாரையும் நீக்கவில்லை, பணியிட அழுத்தத்தின் மீது கவனத்தைத் திருப்பவே அப்படிச் செய்தோம் என்றது. அந்த விளக்கத்தை விட, அது வரும்வரை ஏராளமானோர் அந்த மின்னஞ்சலை நம்பினார்கள் என்பதே முக்கியம். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் நம்புவதற்கு யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

அந்த அச்சம் வீண் பயமா? உங்கள் கணக்கெடுப்பு ஊழியரின் கைக்கு வரும் விதத்தைப் பாருங்கள். இணைப்பு அலுவலக மின்னஞ்சலுக்கு வருகிறது. திறந்தால் அலுவலக ஐடியை வைத்து உள்ளே போகச் சொல்கிறது. பெயர் கேட்பதில்லை, ஆனால் எந்தப் பிராஜெக்ட், எத்தனை ஆண்டு அனுபவம், ஆணா பெண்ணா, எந்த ஊர் அலுவலகம் என்று கேட்கிறது. ஏழு பேர் கொண்ட டீமில் எட்டு ஆண்டு அனுபவமுள்ள பெண் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், பெயரைக் கேட்காமல் விட்டதில் அவருக்கு என்ன பாதுகாப்பு? அவர் ஐந்துக்கு நான்கு போட்டுவிட்டு மூடிவிடுகிறார். உங்கள் டாஷ்போர்டில் அந்த டீம் பச்சையாகத் தெரிகிறது. அடுத்த மாதம் அவர் ராஜினாமா கடிதம் கொடுக்கும்போது நீங்கள் உண்மையிலேயே ஆச்சரியப்படுகிறீர்கள்.

இன்னும் ஒரு பக்கம் உண்டு. விசைப்பலகையில் எத்தனை தட்டு, திரையில் எத்தனை நிமிடம், சாட்டில் பச்சைப் புள்ளி எப்போது மஞ்சளானது என்று ஆளை அளக்கும் மென்பொருள்கள் பெருந்தொற்றுக் காலத்தில் பெருகின. 2020இல் மைக்ரோசாப்ட் தன் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' வசதியில் தனித்தனி ஊழியர்களின் பெயரோடு தரவு காட்டியதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெயர்களை நீக்குவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. இப்போது முகத்தையும் குரலையும் வைத்து ஊழியரின் உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை மனநல உதவி என்ற பெயரில் விற்க வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்குக் கொடுத்துவிட்டு, பணியிடத்தில் இத்தகைய கருவிகளைத் தடை செய்திருக்கிறது; 2025 பிப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்புத் தேவைகள் சிலவற்றுக்கு ஒப்புதல் கேட்காமலே தரவைப் பயன்படுத்த இடம் விட்டிருக்கிறது. சட்டம் கோடு கிழிக்காத இடத்தில் நீங்களே கோடு கிழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாள் முழுதும் தன்னை வேவு பார்க்கும் கருவி, மாலையில் நலம் விசாரித்தால் எவரும் பதில் சொல்ல மாட்டார்.

கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஜப்பானின் அனுபவம் நம் முன் இருக்கிறது. அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவுக்கென்றே 'கரோஷி' என்ற சொல்லைப் பழகிவிட்ட நாடு அது. அங்கே 2015 டிசம்பர் 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு பணியிடமும் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்தப் பரிசோதனை நடத்தியாக வேண்டும். சோதனையை நடத்துவது மருத்துவரோ பொதுச் சுகாதாரச் செவிலியரோ அதற்கென்று பயிற்சி பெற்றவரோ ஆக இருக்க வேண்டும். வேலையிலிருந்து நீக்கவும் பதவி உயர்த்தவும் இடம் மாற்றவும் அதிகாரம் உள்ள மேலாளர் அந்தத் தாள்களைத் தொடவே கூடாது. முடிவு நேராக ஊழியரின் கைக்குப் போகும். அவர் சம்மதித்தால் ஒழிய நிறுவனம் அதைப் பார்க்க முடியாது. அழுத்தம் அதிகம் என்று வந்தவர் கேட்டால் மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மருத்துவர் சொல்வதைக் கேட்டு வேலை நேரத்தைக் குறைப்பது, பணியை மாற்றுவது போன்ற நடவடிக்கையை நிறுவனம் எடுக்க வேண்டும். இதைக் காரணம் காட்டி அவரைத் தண்டிக்கக் கூடாது. சோதனையை நடத்த வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு உண்டே தவிர, அதில் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயம் ஊழியருக்குக் கிடையாது.

அந்தச் சோதனைக்குப் பரிந்துரைக்கப்பட்ட வினாத்தாளில் 57 கேள்விகள் இருக்கின்றன. முதல் 17 கேள்விகள் வேலையைப் பற்றியவை: வேலை மலைபோல் குவிகிறதா, நேரத்துக்குள் முடிகிறதா, வேலையின் வரிசையை நீங்களே தீர்மானிக்க முடிகிறதா என்ற வகை. அதற்குப் பிறகுதான் தூக்கம், சோர்வு, பதற்றம் வருகின்றன. மேலாளரும் உடன் வேலை செய்பவர்களும் எவ்வளவு துணையாக இருக்கிறார்கள் என்றும் கேட்கிறார்கள். பதில்களைக் குழுவாகத் தொகுத்து ஆராயும்போது, பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவை அனைவரின் சம்மதம் இல்லாமல் நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. நாம் மேலே பார்த்த ஏழு பேர் டீமின் கதை அங்கே நடக்க வழியில்லை.

இவ்வளவு கவனமாகச் செய்த நாடும் சோதனை மட்டும் போதும் என்று நிற்கவில்லை. 2019 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்களில் கூடுதல் வேலை நேரத்துக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று சட்டத்திலேயே பொதுவான உச்சவரம்பு கொண்டுவந்தது. மனத்தைச் சோதித்தால் மட்டும் போதாது, மணி நேரத்தையும் குறைத்தாக வேண்டும் என்பது அவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

உலகச் சுகாதார நிறுவனமும் 2022 செப்டம்பரில் பணியிட மனநலம் குறித்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலையிலிருக்கும் ஊழியர்களை மனநலச் சோதனைக்கு உட்படுத்தும் திட்டங்களால் கிடைக்கும் நன்மை அவற்றால் வரக்கூடிய தீங்கை விட அதிகம்தானா என்பது தெளிவாகவில்லை என்பதால், அவற்றை ஆதரித்தும் எதிர்த்தும் அது பரிந்துரை செய்யவில்லை. ஆனால் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை வலியுறுத்தியிருக்கிறது. வேலையின் சூழலையும் சுமையையும் மாற்றும் அமைப்பு ரீதியான நடவடிக்கைகளையும் முன்வைத்திருக்கிறது. நம் நிறுவனங்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கின்றன. சோதனையும் செயலியும் முதலில் வருகின்றன. மேலாளருக்குப் பயிற்சி எப்போதாவது வருகிறது. வேலைச்சுமையைப் பற்றிய பேச்சு வருவதே இல்லை.

தியானச் செயலியும் மனவுறுதிப் பயிலரங்கும் வாங்கிக் கொடுத்தோமே என்பீர்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் தரவைப் பார்த்தது. தியானப் பயிற்சி, மனவுறுதி வகுப்பு, நலச் செயலி போன்ற தனிமனித உதவிகளில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களை விட எந்த விதத்திலும் நலமாக இல்லை என்பது அதன் முடிவு. சமூகத் தொண்டில் ஈடுபடும் வாய்ப்பு ஒன்றுதான் விதிவிலக்காகச் சற்று நல்ல பலனைக் காட்டியது. தியானம் ஒருவருக்கு உதவலாம். உதவிய பலரை நானே பார்க்கிறேன். ஆனால் இரவு பதினொரு மணி வரை வேலை வைத்துவிட்டு, மூச்சை இழுத்து விடச் சொல்லும் செயலியைக் கொடுப்பது வைத்தியமாகாது. காய்ச்சல் பரவும் மாதங்களில் சென்னை மாநகராட்சி ஊழியர்கள் வீட்டுக்குள் வந்து முதலில் பார்ப்பது தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தை. நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தேங்கி நிற்பது எங்கே என்று கண்டுபிடிக்க யாருடைய மனத்தையும் கேட்க வேண்டியதில்லை. தேவையான கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு 2004 முதல் ஆறு தலைப்புகளில் பணியிட அழுத்தத்தைப் பார்க்கச் சொல்கிறது: வேலைச்சுமை, வேலையின் மீது ஊழியருக்குள்ள பிடி, கிடைக்கும் துணை, சக ஊழியர் உறவு, பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் முறை. இந்த ஆறையும் நம் ஊர் மென்பொருள் அலுவலகத்தில் பொருத்திப் பார்ப்போம்.

வேலைச்சுமையில் முதலில் மணி நேரம். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். இப்போது உங்கள் டைம்ஷீட்டைப் பாருங்கள். பல இடங்களில் கிளையண்டுக்குக் கணக்குக் காட்ட நாளுக்கு எட்டு அல்லது ஒன்பது மணிக்கு மேல் பதியவே முடியாது. பன்னிரண்டு மணி உழைத்தவரும் ஒன்பது என்றுதான் எழுதுகிறார். உண்மையான உழைப்பு உங்கள் கணக்கில் ஏறுவதே இல்லை. நியூயார்க்கில் காலை பதினொன்று ஆகும்போது இங்கே இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அந்த நேரத்து மீட்டிங்கை முடித்துவிட்டு கேபில் ஏறித் தாம்பரம் போய்ச் சேரும் ஊழியர், மறுநாள் காலைப் பத்து மணி ஸ்டாண்ட்அப்புக்கும் வந்தாக வேண்டும் என்றால், அவர் தூங்குவதற்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் எத்தனை இரவு போன் வந்தது, ரிலீஸ் வேலைக்காக எத்தனை சனி ஞாயிறு போனது, எடுக்காமல் கிடக்கும் விடுப்பு எந்த டீமில் அதிகம், எந்த மேலாளரிடமிருந்து ஆட்கள் வரிசையாக விலகுகிறார்கள்: இந்த நான்கு கணக்கையும் டீம் வாரியாக மாதம் ஒருமுறை பார்த்தாலே, எங்கே மனம் நோகிறது என்பதில் பாதி தெரிந்துவிடும். இவற்றைப் பார்க்க யாருடைய அந்தரங்கத்துக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை.

அடுத்தது பிடி. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த மைக்கேல் மார்மட் குழுவினர், தங்கள் வேலையின் மீது குறைந்த கட்டுப்பாடே உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் அதிகம் என்று கண்டார்கள். பொறுப்பு பெரிதாக இருப்பதை விட, எதையும் தீர்மானிக்க முடியாமல் இருப்பதுதான் ஆளை அரிக்கிறது. எந்த டிக்கெட்டை முதலில் எடுப்பது, எத்தனை நாளில் முடியும் என்று சொல்ல வேலை செய்பவருக்கு வாய் இருக்கிறதா? கிளையண்டிடம் தேதியைச் சொல்லிவிட்டு வந்து டீமிடம் அறிவிக்கும் வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால், அந்த வழக்கமே நோய்க்கு வித்து.

துணை, உறவு, தெளிவு மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. எஸ்கலேஷன் வரும்போது மேலாளர் டீமுக்கு முன்னால் நிற்கிறாரா, பின்னால் ஒளிகிறாரா? முப்பது பேர் இருக்கும் மெயிலில் ஒருவர் பெயரைச் சொல்லித் திட்டுவது நடக்கிறதா? ஒருவருக்கு இரண்டு பிராஜெக்ட், இரண்டு மேலாளர், இருவரும் தன் வேலையே முதல் என்கிறார்கள் என்றால் அவர் யாருக்குப் பதில் சொல்வது? கடைசியாக, மாற்றம். பிராஜெக்ட் இல்லாமல் பென்ச்சில் உட்கார வைக்கப்பட்டவருக்கு எத்தனை நாள், அதன் பிறகு என்ன என்று தெரிவதில்லை. ஆட்குறைப்புச் செய்தி உங்கள் வாயிலிருந்து வருமுன் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கெட்ட செய்தியை ஒருவர் தாங்கிக்கொள்வார். வருமா வராதா என்று வாரக்கணக்கில் காத்திருப்பதைத் தாங்க மாட்டார்.

வேலையைத் திருத்துவதே மனநல நடவடிக்கை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுதும் நின்றபடி வேலை செய்த ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். அந்த ஊழியர்களிடம் யாரும் அழுத்தத்துக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்கவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் கண்காணிப்பாளர் ஏசுவார் என்ற அவமானத்தையும் கால் வலியையும் ஒரே திருத்தம் சட்டவிரோதமாக்கியது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதையும் நினைவில் கொள்ளுங்கள். உழைக்கும் நேரத்துக்கு எல்லை வேண்டும் என்பது இந்த மாநிலத்தில் வாதத்துக்குரியதாகவே இருக்கக் கூடாது.

டீம் லீடுகளே, இப்போது உங்களோடு தனியாகச் சில வார்த்தை. பெரும்பாலும் நீங்கள் நன்றாக நிரல் எழுதியதால் பதவி உயர்ந்தவர்கள். மனிதர்களை நடத்த உங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. உங்களுக்கும் மேலே ஒருவர் தேதி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த நெருக்கடி தெரிந்தேதான் கேட்கிறேன்: மருத்துவராக முயலாதீர்கள், கவனிக்கிற மனிதராக இருங்கள். வழக்கமாகப் பேசுபவர் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை, நேரத்துக்கு வருபவர் தாமதிக்கிறார், கவனமாகச் செய்பவரின் வேலையில் சின்னச் சின்னப் பிழைகள், பின்னிரவு மூன்று மணிக்கு மெயில், எல்லோரோடும் சாப்பிடப் போனவர் தனியாக உட்காருகிறார்: இவை உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

பட்டால் என்ன செய்வது? எல்லோர் முன்னாலும் "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கே, வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்காதீர்கள். தனியே அழையுங்கள். கண்ட மாற்றத்தை மட்டும் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா நீங்க மீட்டிங்ல பேசறதே இல்ல. கொஞ்சம் கவலையா இருந்துச்சு. எப்படி இருக்கீங்க?" பிறகு அவர் பேசும்வரை பொறுத்திருங்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி விசாரியுங்கள். "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதான்", "நாங்க பாக்காததா" என்ற இரண்டு வாக்கியங்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவற்றைக் கேட்டவர் அதற்குப் பிறகு உங்களிடம் வாய் திறப்பதில்லை. "உங்க தட்டுல இருக்கிற வேலையில எதை இந்த வாரம் நான் எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள். என்னிடம் வருபவர்கள் தங்கள் மேலாளரிடமிருந்து கேட்க ஏங்குவது இந்தக் கேள்வியைத்தான்.

வாழப் பிடிக்கவில்லை, நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்பதுபோல ஒருவர் பேசினால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்பது தவறான பயம். கேட்டதும் பாரம் இறங்குகிறவர்களே அதிகம். அவரைத் தனியே விடாதீர்கள். குடும்பத்தினரையோ அவர் நம்பும் ஒருவரையோ அழையுங்கள், உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்; தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பு சென்னையில் இந்தப் பணியைத்தான் செய்து வருகிறது. இந்த எண்கள் உங்கள் டீமின் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும்.

மனிதவள அதிகாரிகளே, உதவி தேடிப் போனவர் திரும்பி வரும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் உங்கள் நிறுவனத்தின் நேர்மை தெரியும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்து ஒரு மாதம் கழித்து வந்தவருக்கு அந்த ஆண்டு அப்ரைசலில் கடைசித் தரம். அடுத்த காலாண்டில் பிஐபி என்னும் செயல்திறன் மேம்பாட்டுக் கெடு. இதை ஒரே ஒருமுறை பார்த்தால் போதும், அந்தத் தளத்தில் இருக்கும் இருநூறு பேரும் இனி உண்மையைச் சொல்ல மாட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்ற உரிமையைத் தந்திருக்கிறது. உடல் நோய்க்குக் காப்பீடு கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் குழுக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. வாரம் ஒருமுறை ஆலோசகரையோ மாதம் ஒருமுறை மனநல மருத்துவரையோ பார்ப்பவர் கையிலிருந்துதான் கட்டுகிறார். அடுத்த முறை காப்பீட்டு நிறுவனத்தோடு பேச உட்காரும்போது புறநோயாளி மனநலச் செலவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனநலப் பாதிப்புள்ள மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்த வழக்கில், அது பாகுபாடு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துப்பாக்கி ஏந்தும் படைக்கே அந்த நியாயம் பொருந்தும் என்றால், கணினி முன் உட்காரும் அலுவலகம் தயங்கக் காரணம் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஆலோசனைத் திட்டம் யார் யாருக்கு? வளாகத்தின் வாசலில் பன்னிரண்டு மணி ஷிப்ட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன், உங்கள் மேசையைத் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்கா, நள்ளிரவில் பெண் ஊழியர்களைப் பத்திரமாக வீட்டில் இறக்கிவிட்டு விடியற்காலையில் அடுத்த டிரிப்புக்கு வரும் கேப் டிரைவர், இவர்கள் யாரும் உங்கள் பட்டியலில் இல்லை. ஏஜென்சி ஆட்கள் என்பதால் அவர்கள் மனம் உங்கள் பொறுப்பில் வராது என்கிறீர்கள். டிரைவருக்குத் தூக்கமில்லை என்றால் பின்சீட்டில் இருப்பது உங்கள் ஊழியர்தான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கூரையின் கீழ் உங்களுக்காக உழைப்பவர் எல்லோரும் மனிதர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

2024இல் புனேவில் 26 வயது பட்டயக் கணக்காளர் ஒருவர் வேலையில் சேர்ந்து சில மாதங்களில் இறந்தார். அவருடைய தாய் நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் நாடு முழுதும் பரவியது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வேலைச்சுமை காரணமல்ல என்று நிறுவனம் மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் ஒரு தாயின் கடிதம் பொதுவெளியில் பரவும் வரை ஒரு நிறுவனத்துக்கு ஊழியரின் பேச்சு கேட்கவில்லை என்றால், எத்தனை கணக்கெடுப்பு இருந்தும் என்ன பயன் என்ற கேள்வி உங்கள் எல்லோருக்கும் உரியது.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனநலம் பற்றி எதைக் கேட்டாலும், பதிலை யார் பார்ப்பார்கள், யார் பார்க்க மாட்டார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேள்விக்கு முன்னால் எழுத்தில் சொல்லுங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவின் முடிவை மேலாளருக்குக் காட்டாதீர்கள். நடத்தும் பொறுப்பை, அப்ரைசல் போடும் கைகளுக்கு எட்டாத வெளியாரிடம் கொடுங்கள். வேலை நேரம், இரவு அழைப்பு, எடுக்காத விடுப்பு, விலகியவர் எண்ணிக்கை இவற்றை டீம் வாரியாகப் பார்த்து, அளவு மீறினால் அந்த மேலாளரிடமும் அவருக்கு மேலே இருப்பவரிடமும் விளக்கம் கேளுங்கள். ஆட்களைத் தேய்த்து டெலிவரியைக் காட்டும் மேலாளருக்குப் பதவி உயர்வு கொடுப்பதை நிறுத்துங்கள். டீம் லீடாகும் முன் மனிதரோடு பேசும் பயிற்சி கட்டாயமாகட்டும். சிகிச்சை முடித்துத் திரும்புபவருக்கு முதல் சில வாரங்கள் குறைந்த சுமையும், அந்த விடுப்புக் காலம் தரமதிப்பீட்டில் சேராது என்ற எழுத்துபூர்வ உறுதியும் கொடுங்கள். ஒப்பந்த ஊழியர்களுக்கும் ஆலோசனைக் கதவைத் திறந்துவிடுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய மென்பொருள் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். கிளையண்டிடம் ஒரு தேதியைத் தள்ளிக் கேட்கும் துணிச்சலும், பாராட்டுப் பெற்றுவரும் ஒரு மேலாளரைக் கேள்வி கேட்கும் துணிச்சலும் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது என்று நம்புவதால்தான் உங்கள் முதலாளிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். 2024 உலக மனநல நாளின் கருப்பொருளே பணியிட மனநலம்தான். அக்டோபர் 10 ஆண்டுதோறும் வரும். பச்சை ரிப்பனும் பேச்சாளரும் வருவார்கள். கூடவே புதிய கேள்வித்தாளும் வரும். அதை அனுப்பும் முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். சென்ற ஆண்டு சொன்னதில் எதை மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் எழுத எதுவும் இல்லையென்றால் இந்த ஆண்டுக் கேள்வித்தாளை நிறுத்தி வைத்துவிட்டு, வேலையைத் திருத்தத் தொடங்குங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் ஊழியர்களின் பேச்சைக் கேட்கும் ஓர் உளவள ஆலோசகர்